கரும்பலகையில் எழுதும் நோக்கம் யாருக்காக?

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்த எவருக்கும் பாடக்குறிப்பேடு புதிதன்று. வகுப்பு, பாடம், அலகு, பாடத்தலைப்பு என்று மேலே எழுதி, அதன் கீழே கற்றல் நோக்கங்கள் என்ற பகுதியில் "மாணவர்கள் வேற்றினப் பின்னங்களின் கூட்டலை அறிந்துகொள்வர்" என்பது போன்ற இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்த பிறகுதான் துணைக்கருவிகள், ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, வலுவூட்டல், மதிப்பீடு, தொடர்பணி என்று மற்றவை வரும். அந்த ஏடு தலைமையாசிரியரின் மேசைக்குப் போய்க் கையொப்பத்துடன் திரும்பும். பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அலுவலர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். எழுதியவருக்கும், கையொப்பமிட்டவருக்கும், ஆய்வு செய்தவருக்கும் அந்த நோக்கம் தெரியும். பாடவேளை முழுவதும் அமர்ந்திருந்து அதை எட்ட வேண்டிய பிள்ளைக்கு மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை.

இன்று என்ன கற்கப்போகிறோம் என்பதை மாணவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கருத்தை மறுக்கும் ஆசிரியர் அரிது. ஆனால் சொல்லிவிட்டாலே போதுமா, எந்தச் சொற்களில் சொல்வது, எப்போது சொல்வது, சொன்னதை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வது என்ற கேள்விகளுக்குள் இறங்கும்போதுதான் விஷயத்தின் ஆழம் தெரிகிறது. நோக்கம் ஓர் அறிவிப்பாக மட்டும் நிற்கும்வரை அதனால் பெரிய பயன் இல்லை என்பதும், தன் விடை சரியா, போதுமா என்று மாணவர் தாமே பார்த்துக்கொள்ளும் அளவுகோலாக அது மாறும்போதுதான் கற்றலில் அதன் விளைவு தெரியத் தொடங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பாடத்தின் தொடக்கத்திலேயே நோக்கத்தை மாணவரிடம் கூறிவிடும் வழக்கம் மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட்டின் கல்விக் கொள்கையைப் பின்பற்றிய சில்லர், ரைன் ஆகியோர், ஒவ்வொரு பாடமும் அதன் நோக்கத்தை மாணவருக்கு அறிவித்துத் தொடங்க வேண்டும் என்று வகுத்தார்கள். நம் பயிற்சிக் கல்லூரிகளில் ஆர்வமூட்டலை அடுத்துத் தலைப்பை அறிவிக்கும் படி ஒன்று இருப்பதற்கு அந்த மரபே வேர். அப்போது நோக்கம் மாணவரின் காதுக்காகச் சொல்லப்பட்டது. அவர் மனம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடாக அது இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதன் திசை மாறியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட சிறு நூலில், கலைத்திட்டம் வகுப்பவர் முதலில் எந்த நோக்கங்களை அடைய விரும்புகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், பிறகே கற்றல் அனுபவங்களையும் அவற்றின் ஒழுங்கமைப்பையும் மதிப்பீட்டையும் தீர்மானிக்க வேண்டும் என்றார். அவருடைய வழியில் வந்த பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956இல் அறிவுசார் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என்று ஆறு படிகளாக வகைப்படுத்தினார்கள். 1962இல் ராபர்ட் மேகர், மாணவர் என்ன செய்து காட்டுவார், எந்தச் சூழ்நிலையில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாகச் செய்தால் போதும் என்ற மூன்றும் இல்லாத நோக்கம் நோக்கமே அல்ல என்னும்படி எழுதினார். இவை மதிப்புமிக்க பணிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் மூன்றுமே பாடத்தைத் திட்டமிடுபவருக்கும், வினாத்தாள் தயாரிப்பவருக்கும், பயிற்சிப் பொருள் எழுதுபவருக்கும் உரியவை. மாணவர் அவற்றில் படர்க்கையில் இடம்பெறுகிறார். அவரை நோக்கி யாரும் பேசவில்லை.

இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது மரபுதான். 1950களின் பிற்பகுதியில் தேர்வுச் சீர்திருத்தம் பற்றி ஆலோசனை கூறப் புளூமே இந்தியா வந்தார். அதன் தொடர்ச்சியாக நடந்த பயிலரங்குகளின் வழியே நோக்கம் சார்ந்த வினா அமைத்தல் என்பது நாடெங்கும் பரவியது. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்ற நான்கு தலைப்புகள் பி.எட். பாடக்குறிப்பில் நிலைபெற்றன. பயிற்சி மாணவர் தம் நோக்க வரியில் "அறிவர்" என்று எழுதினால் அவருடைய பேராசிரியர் அதை அடித்துவிட்டு "வரையறுப்பர்", "வேறுபடுத்துவர்" என்ற வினைச்சொற்களை எழுதச் சொல்வார். அந்தத் திருத்தத்தில் நியாயம் உண்டு, ஏனெனில் அறிவதைக் கண்ணால் பார்க்க முடியாது, வேறுபடுத்திக் காட்டுவதைப் பார்க்க முடியும். ஆனால் வினைச்சொல் திருந்தியதே தவிர வாசகர் மாறவில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் அந்த வரி ஏட்டுக்குள்ளேயே தங்கிவிட, "புத்தகத்தை எடுங்க, அறுபத்தி ரெண்டாம் பக்கம்" என்றுதான் பாடம் தொடங்கியது.

மாணவரை மீண்டும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சேட்லர். 1989இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் தம் வேலையை மேம்படுத்திக்கொள்ள மூன்று நிபந்தனைகள் தேவை என்றார். நல்ல வேலை என்பது எப்படி இருக்கும் என்ற கருத்து அவரிடம் இருக்க வேண்டும். தம் வேலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் ஆசிரியரே சுமந்துகொண்டு, மாணவர் வெறுமனே விடையெழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போனால், ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவரால் தம் பிழையைக் காண முடியாது. 1998இல் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் வகுப்பறை மதிப்பீடு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எழுதியபோது இந்தக் கருத்தை மையமாக வைத்தார்கள். இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஷெர்லி கிளார்க் குறிப்பிடத்தக்கவர். இன்று எதைக் கற்கிறோம் என்பதோடு, கற்றுவிட்டோம் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பதையும் சேர்த்துச் சொல்லும் முறை அவர் வழியாகப் பரவியது. அந்த இரண்டாவது பாதி இல்லாத நோக்கம் அரை நோக்கம் என்றே சொல்லலாம்.

ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் "வேற்றினப் பின்னங்களைக் கூட்டுதல்" என்று எழுதியிருக்கிறது. இது பாடத்தின் பெயர், நோக்கம் ஆகாது. இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் வகுப்பில் ஒரு பகுதியினர் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுவது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அப்படி எழுதிய பிள்ளைக்குத் தான் தவறு செய்திருப்பது தெரிய எந்த வழியும் இல்லை, ஏனெனில் கூட்டச் சொன்னார்கள், கூட்டிவிட்டது. ஆசிரியர் வந்து சிவப்பு மையில் குறுக்குக் கோடு போடும்வரை அது நிம்மதியாகவே இருக்கும்.

அதே பாடத்தை ஆசிரியர் வேறு விதமாகத் தொடங்குகிறார் என்று கொள்வோம். "இன்னைக்கு வகுப்பு முடியறப்ப, பகுதி வேறவேறயா இருக்கிற ரெண்டு பின்னத்தைக் கூட்ட உங்களுக்குத் தெரியணும். விடை சரியா தப்பான்னு எங்கிட்ட கேக்காம நீங்களே சொல்லவும் தெரியணும்" என்கிறார். பிறகு, கூட்டுவதற்கு முன்பே விடை எதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார். அரையோடு எதைச் சேர்த்தாலும் அரையைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். இப்போது ஐந்தில் இரண்டு என்று எழுதிய பிள்ளை தன் விடையைப் பார்க்கிறது. ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னொன்றைச் சேர்த்தபின் எப்படிக் குறையும்? கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இரண்டுக்கு மூன்றாக ஆறு கட்டங்கள் கொண்ட செவ்வகம் வரைந்து, பாதியை நிழலிட்டால் மூன்று கட்டங்கள், மூன்றில் ஒன்றை நிழலிட்டால் இரண்டு கட்டங்கள், மொத்தம் ஆறில் ஐந்து என்பது கண்ணெதிரே நிற்கிறது. பகுதிகளை ஏன் பொதுவாக்க வேண்டும் என்பதற்கும் மீச்சிறு பொது மடங்கு எதற்கு வருகிறது என்பதற்கும் அந்தச் செவ்வகமே விளக்கம். இங்கே நோக்கம் தலைப்பு வரியாக எழுதிவைக்கப்படவில்லை. விடையைச் சரிபார்க்கும் இரண்டு வழிகளாக, அதாவது முன்கூட்டிய மதிப்பீடாகவும் படமாகவும், பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

மொழிப்பாடத்தில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. "தெருவிளக்குப் பழுதைச் சரிசெய்ய வேண்டி நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுதல்" என்பது எல்லோரும் அறிந்த பயிற்சி. இதையே நோக்கமாக அறிவித்தால் மாணவர் கற்பது தெருவிளக்குக் கடிதத்தை மட்டுமே. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு, இடம், நாள், உறைமேல் முகவரி என்ற சட்டகத்தோடு நடுவில் வரும் இரண்டு பத்திகளையும் மனப்பாடம் செய்துகொள்வார். தேர்வில் நூலகத்துக்குப் புதிய நூல்கள் கேட்டு எழுதச் சொன்னால் திகைத்துப்போவார், அல்லது தெருவிளக்கு என்று வரும் இடத்திலெல்லாம் நூல்கள் என்று மாற்றி எழுதிவைப்பார். அங்கே தெருவிளக்கு சூழல் மட்டுமே. கற்க வேண்டியது, ஒரு கோரிக்கையை முன்பின் அறியாத ஒருவருக்குப் புரியும்படியும் அவர் செயல்படும்படியும் எழுதுவது. நோக்கத்தைச் சூழலிலிருந்து பிரித்துச் சொன்னால் அளவுகோல்களும் தாமாக வெளிப்படும்: அந்தத் தெருவை ஒருபோதும் பார்த்திராத அலுவலர் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா, பழுதினால் யாருக்கு என்ன தொல்லை என்பது தெரிகிறதா, கேட்பது இன்னதென்று ஒரே வாசகத்தில் இருக்கிறதா.

இந்த அளவுகோல்களை ஆசிரியரே பட்டியலிட்டுக் கொடுப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதிய இரண்டு கடிதங்களைப் பெயர் நீக்கி வகுப்பில் வாசித்துக் காட்டி, ஆணையராக இருந்தால் எந்தக் கடிதத்துக்கு முதலில் ஆள் அனுப்புவீர்கள், ஏன் என்று கேட்டுவிட்டால் போதும். "ரெண்டாவதுல எந்தத் தெருன்னே இல்லைங்க டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லும் இடத்தில் அளவுகோல் ஒன்று பிறந்துவிடுகிறது. சேட்லர் சொன்ன முதல் நிபந்தனை, நல்ல வேலை எப்படி இருக்கும் என்ற கருத்து, சொற்களால் விளக்கிக் கிடைப்பதைவிட இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதால் எளிதாகக் கிடைக்கிறது.

நம் வகுப்பறைகளில் நோக்கம் சொல்லப்படுவதே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. "இது முக்கியம், அடிக்கோடு போட்டுக்கோங்க", "இது அஞ்சு மார்க்கு", "இது போன வருஷம் பொதுத்தேர்வுல வந்தது" என்ற மூன்று வாக்கியங்களையும் கேட்காமல் பத்தாம் வகுப்பைக் கடந்தவர் தமிழ்நாட்டில் இருப்பாரா என்பது ஐயமே. இவையும் நோக்க அறிவிப்புகள்தான். மாணவர்கள் மிகவும் கூர்ந்து கேட்கும் அறிவிப்புகளும் இவையே. தெளிவாக ஒரு குறிக்கோளைச் சொன்னால் மாணவர் கவனம் உடனே அங்கே குவிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்தக் கவனம் குவிவது வினாவின் மீது, அதன் பின்னால் இருக்கும் கருத்தின் மீது அன்று. குற்றம் ஆசிரியருடையது என்று நான் கருதவில்லை. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளியை எடைபோடும் அமைப்பில், மாணவருக்கு உண்மையிலேயே உதவ விரும்பும் ஆசிரியரும் அந்த வாக்கியங்களைத்தான் சொல்வார்.

அரசின் ஆவணங்கள் நோக்கங்களை மாணவருக்கு அருகில் கொண்டுவர முயலாமல் இல்லை. 2017இல் கல்வி உரிமைச் சட்டத்தின் மைய விதிகள் திருத்தப்பட்டு, தொடக்கநிலை வகுப்புகளுக்கு வகுப்புவாரியாக, பாடவாரியாகக் கற்றல் விளைவுகள் வகுக்கப்பட வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் அதற்கான ஆவணத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பல பாடங்களின் முதல் பக்கத்திலேயே கற்றல் நோக்கங்கள் கட்டமிட்டு அச்சாகியுள்ளன. பெரிய மாற்றம் அது. நூலைத் திறக்கும் பிள்ளையின் கண்ணில் நோக்கம் படுகிறது. ஆயினும் அந்தக் கட்டத்தில் உள்ள வாக்கியங்கள் பெரும்பாலும் பாடத்தை இன்னும் படிக்காதவருக்குப் புரியாதவை. "மின்தடை எண்ணின் பொருளை வரையறுத்தல்" என்ற வரியைப் பாடம் முடிந்தவர் படித்தால் நினைவூட்டல். பாடம் தொடங்காதவர் படித்தால் வெறும் ஒலி. ஆகவே ஆசிரியர் அதைத் தாண்டிச் சென்று பாடத்தின் முதல் பத்தியைத் தொடங்குவதில் வியப்பில்லை. அரசுப் பள்ளிகளின் ஆங்கிலவழிப் பிரிவுகளில் இந்தத் தொலைவு இன்னும் அதிகம், அங்கே நோக்கம் பிள்ளை வீட்டில் பேசாத மொழியில் அச்சாகியிருக்கிறது. அந்த வகுப்புகளில் நோக்கத்தையேனும் தமிழில் சொல்லிவிடுவது பயிற்றுமொழிக் கொள்கைக்கு எந்தக் குறையையும் உண்டாக்காது.

இதைவிட மாணவருக்கு நெருக்கமான ஒரு முயற்சி நம்மிடம் நடந்திருக்கிறது. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தின் அட்டைகளிலிருந்து ஊக்கம் பெற்ற அம்முறையில், பாடங்கள் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஏணிப்படி அட்டவணையாகச் சுவரில் தொங்கின. ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். அந்தச் சின்னம் உள்ள அட்டையைப் பிள்ளையே எடுத்துவந்து பாயில் அமர்ந்து முடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தான் இப்போது ஏணியில் எங்கே இருக்கிறது, அடுத்து எது என்பது தெரிந்தது. குறைகள் பல சொல்லப்பட்டன. அட்டையை முடிப்பதே குறியாகிவிட்டது, சேர்ந்து பேசிக் கற்பது குறைந்தது, பெற்றோருக்குப் பாடநூல் இல்லாத வகுப்பு விளங்கவில்லை என்ற குரல்களை அன்று ஆசிரியர் அறைகளில் பரவலாகக் கேட்க முடிந்தது. அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆனாலும் கற்றலின் பாதையைக் கற்பவரே பார்க்கும்படி சுவரில் மாட்டிய அந்தத் துணிவு பாராட்டுக்குரியது, அது பின்னால் போதிய அளவு நினைக்கப்படவில்லை என்பது என் வருத்தம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறது. அந்தப் பிரிவு ஆசிரியர் கற்பித்தலைத் திட்டமிட உதவுகிறது. மொட்டில் இருக்கும் பிள்ளைக்கு, மலருக்குப் போக எதைச் செய்யத் தெரிய வேண்டும் என்று யாரேனும் சொல்கிறார்களா என்பதைப் பொறுத்தே அந்தப் பெயர் ஒரு படியாகவோ முத்திரையாகவோ ஆகிறது.

இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு ஓர் எச்சரிக்கை. 1998இல் எழுத்தறிவுக்கான தேசிய வியூகமும் அடுத்த ஆண்டு எண்ணறிவுக்கானதும் வந்தபின், பாடத்தின் நோக்கத்தைப் பலகையில் எழுதுவது அங்கே பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளின் வழக்கமாயிற்று. நாளடைவில் ஆசிரியர் எழுதுவதும், மாணவர் தேதிக்குக் கீழே அதை அப்படியே படியெடுப்பதும், பிறகு அந்தப் பாடவேளை முடியும்வரை யாரும் அதைத் திரும்பிப் பாராமல் இருப்பதும் சடங்காகிவிட்டதாக, இந்த முறையை முன்வைத்த வில்லியமே பின்னாளில் வருந்தி எழுதினார். மெதுவாக எழுதும் ஏழு வயதுப் பிள்ளைக்கு நீண்ட வாக்கியம் ஒன்றைப் படியெடுக்கவே பாடத்தின் கணிசமான நேரம் போய்விடும். தலைமையாசிரியரோ அலுவலரோ வகுப்பு வாசலில் நின்று பலகையில் நோக்கம் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும் இடத்தில், அந்த வரி மாணவருக்காக எழுதப்படுவது நின்றுவிடுகிறது. நம் பாடக்குறிப்பேட்டுக்கு நேர்ந்த அதே கதி கரும்பலகைக்கும் நேரும்.

ஆய்வுச் சான்றுகளையும் அளவோடு பார்க்க வேண்டும். கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகள் 800க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி 2009இல் வெளியிட்ட நூலில் ஆசிரியரின் தெளிவு என்ற காரணிக்கு 0.75 என்ற விளைவளவு, அதாவது கற்றலில் அது உண்டாக்கும் மாற்றத்தின் அளவு, தரப்பட்டிருக்கிறது. அந்நூல் சராசரியாகக் கொள்ளும் 0.40ஐவிட இது மிக அதிகம். பயிற்சி முகாம்களின் திரைக்காட்சிகளில் இந்த எண், நோக்கத்தைப் பலகையில் எழுதுவதன் பயனாகவே காட்டப்படுவதுண்டு. அது சரியன்று. அங்கே தெளிவு என்பது பாடத்தின் ஒழுங்கமைப்பு, விளக்கம், எடுத்துக்காட்டுகள், வழிகாட்டலுடன் கூடிய பயிற்சி, மாணவர் கற்றலை மதிப்பிடுதல் ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கியது. நோக்கம் கூறுவது அதில் ஒரு கூறு. வேறுவேறு வகை ஆய்வுகளை ஒரே எண்ணாகச் சுருக்கும் அந்த முறையைப் பற்றியே கல்வியாளரிடையே கடும் விவாதம் உண்டு. இதற்கு முன்பே, 1972இல் ராத்காஃப், கப்லான் இருவரும் செய்த ஆய்வில், பனுவலைப் படிக்குமுன் குறிப்பான நோக்கங்கள் தரப்பட்டவர்கள் அந்த நோக்கங்களில் சொல்லப்பட்ட பகுதிகளை நன்கு கற்றார்கள்; சொல்லப்படாத பகுதிகளை அந்த அளவுக்குக் கற்கவில்லை. எதைச் சுட்டுகிறோமோ அது நிற்கும் என்பதால், எதைச் சுட்டுவது என்பதில் ஆசிரியரின் பொறுப்பு கூடுகிறது.

எல்லா நோக்கங்களும் கற்றலுக்கு உதவுவன அல்ல என்பதற்கு இன்னும் நுட்பமான சான்று கணக்குப் பாடத்திலிருந்து கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் வடிவியல் முதலிய கணக்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், "இந்தக் கோணத்தின் அளவைக் கண்டுபிடி" என்று ஒரே இலக்கைக் கொடுப்பதைவிட "இப்படத்தில் உன்னால் முடிந்த கோணங்களையெல்லாம் கண்டுபிடி" என்று விட்டபோது மாணவர்கள் அதிகம் கற்றார்கள். இலக்குக் கோணம் ஒன்று கொடுக்கப்பட்டால், அங்கிருந்து பின்னோக்கி எந்தெந்தக் கோணம் தேவை என்று துரத்துவதிலேயே மனத்தின் கொள்ளளவு செலவாகிவிடுகிறது. குத்தெதிர்க் கோணங்கள் சமம், முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற உறவுகளைக் கவனித்து மனத்தில் பதிய இடம் இல்லாமல் போகிறது. இது நோக்கம் கூறுவதற்கு எதிரான சான்றாக முதலில் தோன்றும். உண்மையில் இது வேலையின் இலக்குக்கும் கற்றலின் இலக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. "பயிற்சி 4.2இல் பத்துக் கணக்குகளையும் முடிப்பது" என்று பலகையில் எழுதினால் அது வேலையின் இலக்கு, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாலும் அது நிறைவேறிவிடும். "ஒரு படத்தைப் பார்த்ததும் எந்தக் கோணங்கள் சமம், ஏன் சமம் என்று சொல்வது" என்பது கற்றலின் இலக்கு. அதை இன்னொருவர் நோட்டிலிருந்து எடுக்க முடியாது.

தொடக்கத்திலேயே சொல்லக் கூடாத நோக்கங்களும் உண்டு. வளையல், தட்டு, டம்ளர், வாளி என்று கிடைக்கும் வட்டப் பொருள்களுக்கெல்லாம் நூல் சுற்றிச் சுற்றளவையும் விட்டத்தையும் அளந்து வகுத்துப் பார்க்கும் பாடத்தில், "சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 3.14 என்பதைக் காண்பது" என்று முதலிலேயே எழுதிவிட்டால் அளப்பதற்கே காரணம் இல்லை. பிள்ளைகள் 3.14 வரும்படி அளவுகளைத் திருத்திக்கொள்வார்கள். அதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். அங்கே நோக்கத்தைக் கேள்வியாக வைப்பதே பொருந்தும்: வட்டம் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் மாறாமல் இருப்பது ஏதாவது உண்டா? தெளிவு குறையவில்லை, எதைத் தேடுகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரிகிறது, விடை மட்டும் பறிக்கப்படவில்லை. பாடத்தின் முடிவில், நாம் இன்று கண்டது இன்னது என்று நோக்கத்தை விடையாகச் சொல்லிப் பெயர் சூட்டலாம்.

இலக்கியப் பாடத்தில் இன்னும் ஒரு படி தளர்த்த வேண்டும். அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1960களிலேயே இதை எழுப்பினார். சில கற்றல் அனுபவங்களில் மாணவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுப்பது அந்த அனுபவத்தையே கெடுத்துவிடும் என்றும், அங்கே ஆசிரியர் வகுக்க வேண்டியது மாணவர் அந்த அனுபவத்தைச் சந்திக்கும் சூழலை மட்டுமே, விளைவை அன்று என்றும் அவர் வாதிட்டார். ஒரு சங்கப் பாடலைப் படிக்கும்போது சொற்பொருள் அறிதல், திணை துறை இனங்காணல் ஆகியவற்றுக்கு அளவுகோல் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். "தலைவியின் துயரத்தை உணர்வர்" என்று பாடக்குறிப்பில் எழுதுவதும் அதை வலுவூட்டல் வினாவால் சோதிப்பதும் பொருளற்றவை. அந்தப் பாடலில் எந்த வரியில் நின்றாய், ஏன் நின்றாய் என்று கேட்டு விடைகள் பலவாறாக வருவதை அனுமதிப்பதே அங்கே தெளிவான கற்பித்தல். நோக்கம் கூறுதலை வலியுறுத்துவோர் பலர் இந்த விதிவிலக்கை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். ஒப்புக்கொள்வதால் அவர்கள் வாதம் வலுப்பெறுமே தவிர நலியாது.

இனி நடைமுறை. 40 நிமிடப் பாடவேளை, நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், சில இடங்களில் இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறையில் என்ற நிலையில், ஒவ்வொரு பாடத்துக்கும் மாதிரி விடைகளும் அளவுகோல் விவாதமும் இயலாது. இயல வேண்டியதும் இல்லை. ஓர் அலகுக்கு ஒன்றோ இரண்டோ, பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களில் இதைச் செய்தாலே வேறுபாடு தெரியும். மற்ற நாள்களில் இரண்டு வாக்கியங்கள் போதும், அவற்றையும் பிள்ளைகள் படியெடுக்க வேண்டியதில்லை. ஆனால் பாடத்தின் நடுவில் ஒருமுறை அந்த வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டும், "நாம எதுக்கு இந்தப் படம் வரையறோம்?" என்று கேட்டு அதற்கு ஒரு பிள்ளை சொல்லும் விடையைக் கேட்டாலே நோக்கம் வகுப்பில் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மாநிலத்தில் 2012இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது கற்கும்போதே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. பிள்ளைக்குத் தன் நிலையைக் காட்ட வேண்டிய மதிப்பீடு அதனால் பதிவேட்டில் ஏறும் எண்ணாகிவிட்டது. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்கும் ஒற்றை வினாவுக்கு மதிப்பெண்ணே போடாமல் இருப்பது நல்லது. பின்னக் கூட்டல் வகுப்பில் நான்கில் ஒன்றையும் ஐந்தில் இரண்டையும் கூட்டச் சொல்லி, விடை குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல்லித் துண்டுத் தாள்களை வாங்கிக்கொண்டால், ஓய்வறைக்குப் போகும் வழியிலேயே அவற்றை மூன்று கட்டுகளாகப் பிரித்துவிடலாம். 13/20 என்று எழுதியவர்கள் நோக்கத்தை எட்டிவிட்டார்கள். 3/20 என்று எழுதியவர்களுக்குப் பகுதியைப் பொதுவாக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, தொகுதியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பது விட்டுப்போயிருக்கிறது. ஐந்தில் இரண்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்று அவர்களே எழுதிய வரியைச் சுட்டிக்காட்டினால் பெரும்பாலோர் தாமே திருத்திக்கொள்வார்கள். 3/9 என்று எழுதியவர்களுக்கு நாளைக்கும் கட்டம் போட்ட நோட்டுதான். மறுநாள் பாடக்குறிப்பில் எழுத வேண்டிய நோக்கம் இந்த மூன்றாவது கட்டின் பருமனைப் பார்த்தே தீர்மானமாகிறது. இரண்டே தாள்கள் இருந்தால் அந்த இரு பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு வகுப்பைப் பின்னக் கழித்தலுக்கு நகர்த்தலாம், பாதி வகுப்பு இருந்தால் கழித்தல் ஒருநாள் காத்திருக்க வேண்டும்.